அட்டையில் மீந்திருந்த மாத்திரைகள்

வலிப்புக்கு மருந்து எடுப்பவர் வந்தால், முதலில் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்குவேன். அப்படித்தான் ஒருநாள் ஓர் இளைஞர் தாயோடு வந்தார். ஓராண்டாக வராத வலிப்பு அந்த வாரம் இரண்டு முறை வந்திருந்தது.

"ஒரு வேளைகூட விடலை, டாக்டர்."

அன்றைய கணக்குப்படி 4 மாத்திரைதான் மீந்திருக்க வேண்டும். 11 இருந்தன. தாய் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தானே இருக்கேன்னு..." என்று இழுத்தார் மகன்.

அவர் சொன்னதை நம்பியிருந்தால் அளவைக் கூட்டியிருப்பேன், இல்லை இன்னொரு மருந்து சேர்த்திருப்பேன். இரண்டுமே தேவையில்லாதவை. திட்டுவார்களோ என்ற பயத்தில் மறைப்பது இப்படித்தான் ஆளைப் பாதிக்கிறது.

வலிப்பு மருந்து மூளை நரம்புகளின் மின்கொந்தளிப்பை அடக்கி வைக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு இறங்கினால் பிடி தளரும். திடீரென நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு விடாமல் தொடரும். 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதா, மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தை எடுப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். அதன் அளவைச் சற்றுக் கூட்டினாலே இரத்தத்தில் மளமளவென ஏறி, நடை தள்ளாடும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும்.

சளி, காய்ச்சலுக்கு வேறு மருத்துவரிடம் போனாலும் வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்தால், கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்தின் அளவு உடலில் எகிறும். கார்பமசெபைனோ கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

கார்பமசெபைன், லாமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகளைத் தொடங்கிய முதல் 8 வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். இன்னொரு வலிப்பு மருந்தான லெவெடிராசிட்டம் சிலருக்கு எரிச்சலும் கோபமும் தரும். பிள்ளைக்குத் திமிர் ஏறிவிட்டது என்று வீட்டில் அடிக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எடுத்தால் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறைபாடு நேரலாம். அதனால் கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே பேசி மாற்ற வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான்.

"எப்போ நிறுத்தலாம்?" என்று அந்த இளைஞர் கேட்டார். பெரும்பாலும் குறைந்தது 2 ஆண்டு வலிப்பே வராமல் இருந்தால்தான் அந்தப் பேச்சை எடுப்போம். அப்போதும் மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைப்போம் என்றேன். அளவைக் கூட்டாமல் பழைய சீட்டையே எழுதிக் கொடுத்தேன்.

"அடுத்த முறை எத்தனை மீந்திருந்தாலும் அட்டையோட வாங்க, தம்பி."