சோற்று உலையும் கொல்லன் உலையும்

தமிழில் இரண்டு உலைகள் உண்டு. அரிசி களைந்து போடுவதற்கு முன் அடுப்பில் நீரைக் கொதிக்க வைப்பது ஒன்று. பட்டறையில் துருத்தி ஊதி இரும்பைப் பழுக்க வைப்பது இன்னொன்று. முதலாவதற்கு 100 டிகிரி செல்சியஸ் போதும். இரண்டாவதற்கு ஆயிரம் டிகிரியை ஒட்டி வேண்டும். தொழிற்சாலைகளின் வெப்பத் தேவையும் ஏறத்தாழ இப்படித்தான் பிரிகிறது. காகிதம் உலர்த்துவது, துணிக்குச் சாயம் ஏற்றுவது, பால் பதப்படுத்துவது எல்லாம் சோற்று உலை வேலை. எஃகு, சிமெண்ட், கண்ணாடி ஆகியவை கொல்லன் உலை வேலை. ரசாயன ஆலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இடைப்பட்ட படிகளில் நிற்கின்றன.

உலகத் தொழிற்சாலைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெப்பமாகவே செலவாகிறது. அதில் பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும் எண்ணெயும் எரித்துப் பெறுவது. பருவநிலை பற்றிய பேச்சு பெரும்பாலும் மின்சாரத்தோடு நின்றுவிடுகிறது. கொதிகலன் புகைபோக்கிகள் கவனத்துக்கு வருவதே இல்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. அந்தக் கொதிகலன்களின் வேலையை அணு உலை செய்ய முடியுமா என்பதே இங்கே கேள்வி.

'அணு மின் நிலையம்' என்ற பெயரும் நம் கண்ணை மறைக்கிறது. அணு உலை நேரடியாகத் தருவது மின்சாரம் அல்ல, வெப்பம். யுரேனிய அணுக்கரு பிளக்கும்போது தெறிக்கும் துண்டுகள் சுற்றியுள்ள அணுக்களின் மீது மோதி வேகம் இழக்கின்றன. அந்த வேகமே சூடாக மாறுகிறது. புகை இல்லை, கார்பன் டை ஆக்சைடு இல்லை. அந்தச் சூட்டில் நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி கடலிலோ ஆற்றிலோ காற்றிலோ கலக்கிறது.

வீணாகும் அந்தச் சூட்டை அப்படியே ஆலைக்கு அனுப்பலாமே என்று தோன்றும். முடியாது. டர்பைனைக் கடந்து வரும் வெப்பம் வெதுவெதுப்பான நீராக இறங்கிவிட்டிருக்கும். அதில் காகிதம் காயாது. ஆகவே டர்பைனுக்குப் போவதற்கு முன்போ அதன் நடுவிலோ நீராவியின் ஒரு பகுதியைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த அளவுக்கு மின் உற்பத்தி குறையும். ஆனால் பிரித்தெடுத்த நீராவியின் வெப்பத்தில் பெரும்பகுதி ஆலையில் நேராகப் பயன்படுகிறது.

இது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஆரே ஆற்றங்கரையில் உள்ள கோஸ்கென் அணு மின் நிலையம், 1979 முதல் பக்கத்து அட்டைக் காகித ஆலைக்கு நீராவி அனுப்பி வருகிறது. ஆலைக்குள் கதிரியக்கம் நுழையாதபடி மூன்று சுற்றுகள் தனித்தனியே ஓடுகின்றன. உலைக்குள் செல்லும் நீர் முதல் சுற்று. அது குழாய்ச் சுவர் வழியாக இரண்டாம் சுற்று நீரைச் சூடாக்குகிறது. அந்த நீராவி இன்னொரு குழாய்ச் சுவர் வழியாக மூன்றாம் சுற்று நீரைக் கொதிக்க வைக்கிறது. ஆலைக்குப் போவது இந்த மூன்றாவது மட்டுமே. சுவர் தாண்டிப் போவது சூடு, நீர் அல்ல.

நம் கல்பாக்கத்திலும் இதன் உறவினர் ஒன்று இருக்கிறது. மெட்ராஸ் அணு மின் நிலையத்திலிருந்து எடுக்கும் குறைந்த அழுத்த நீராவியால் கடல்நீரைச் சூடாக்கி, அழுத்தம் குறைந்த அறைகளில் பாய்ச்சி ஆவியாக்கி, நாளொன்றுக்கு 45 லட்சம் லிட்டர் நன்னீர் எடுக்கும் திறனுடன் அமைத்த ஆலை அது.

இவை எல்லாம் சோற்று உலை வேலைகள். நீரால் குளிரும் அணு உலைகளில் நீரின் வெப்பம் 300 டிகிரியைச் சற்றே தாண்டும். அதற்கு மேல் ஏற்ற அழுத்தம் இடம்கொடாது. கொல்லன் உலையை நெருங்க, நீருக்குப் பதில் ஹீலியம் வாயு போன்ற வேறொன்று சூட்டைச் சுமக்க வேண்டும். சீனாவின் ஷாண்டோங் மாநிலத்தில் ஷிடாவ் விரிகுடாவில் 2023 டிசம்பரில் வணிக உற்பத்தி தொடங்கிய உலையில், ஹீலியம் 750 டிகிரியில் வெளியேறுகிறது. எரிபொருள் ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராஃபைட் உருண்டைகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான யுரேனிய மணிகள். கடுகை விடச் சிறிய ஒவ்வொரு மணிக்கும் கார்பனும் சிலிக்கான் கார்பைடும் கொண்ட ஓடு. சுமார் 1,600 டிகிரி வரை அந்த ஓடு கதிரியக்கப் பொருளைத் தன்னுள்ளேயே பிடித்து வைக்கும். 2023இல் குளிர்விக்கும் ஏற்பாட்டை வேண்டுமென்றே நிறுத்திச் சோதித்தார்கள். உலை தானாகவே ஆறியது. ரசாயன ஆலைக்குப் பக்கத்தில் ஓர் உலையைக் கட்ட வேண்டுமானால் இந்தக் குணம்தான் முதலில் வேண்டும்.

பக்கத்தில்தான் கட்டவும் வேண்டும். மின்சாரம் கம்பியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். நீராவி வழியெல்லாம் சூட்டை இழக்கும். சீனாவின் தியான்வான் அணு மின் நிலையம் 2024 ஜூனில் சுமார் 23 கிலோமீட்டர் குழாய் வழியே பெட்ரோ ரசாயன வளாகத்துக்கு நீராவி அனுப்பத் தொடங்கியது. ஆண்டுக்கு 48 லட்சம் டன் நீராவி. அதனால் எரிக்காமல் மிச்சமாகும் நிலக்கரி 4 லட்சம் டன் என்பது கணக்கு. இன்னொரு சிக்கல், எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும் வாரங்களில் ஆலை நிற்க முடியாது. மாற்று நீராவிக்கு வழி இருந்தே ஆக வேண்டும்.

சிமெண்ட் விஷயத்தில் எந்த அணு உலையும் முழு விடை ஆகாது. சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும் என்பது பாதிச் சிக்கல்தான். சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லுக்குள் இருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது; சிமெண்ட் உற்பத்தி விடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் அதுதான்.

தியான்வான் இருக்கும் அதே லியான்யுங்காங் நகரில், சூவெய் என்ற இடத்துக்கான திட்டம் 2024 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. நீரால் குளிரும் இரண்டு உலைகளும் ஹீலியத்தால் குளிரும் ஓர் உலையும் ஒரே வளாகத்தில் வருகின்றன. முதல் வகை உலைகளின் சூட்டில் தூய நீர் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியை ஹீலியம் உலையின் சூடு இன்னும் மேலே ஏற்றும். அதன் பிறகே அது ரசாயன ஆலைகளுக்குக் குழாயில் புறப்படும்.