கரடியின் முடியில் மக்காச்சோளம்

வாசகர் ஒருவரின் கேள்வி: "யோசெமிட்டி தேசியப் பூங்காவில் முகாமிடுகிறவர்களின் சாப்பாட்டைக் கரடிகள் தின்பது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று படித்தேன். இதை எப்படி அளக்கிறார்கள்? ஒவ்வொரு கரடிக்குப் பின்னாலும் ஆள் போக முடியுமா?"

முடியாதுதான். ஆனால் என்ன தின்றோம் என்ற கணக்கைக் கரடி தன் முடியிலேயே சுமந்துகொண்டு திரிகிறது.

கலிபோர்னியாவில் உள்ள இந்தப் பூங்காவில் வாழ்பவை அமெரிக்கக் கருங்கரடிகள். புல், ஓக் கொட்டை, காட்டுப் பழங்கள், எறும்பின் புழுக்கள், இவைதான் அவற்றின் வழக்கமான உணவு. குளிர்கால உறக்கத்துக்கு முன்னால் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை உள்ளே தள்ளும். ஓக் கொட்டையாகப் பொறுக்கினால் பொழுது முழுவதும் போய்விடும். யாரோ காரில் விட்டுவைத்த தின்பண்டப் பை கிடைத்தால் வேலை சுலபம். கதவுச் சட்டத்தில் நகத்தைக் கொடுத்து வளைத்து இழுத்தால் போதும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் வாசனை வெளியே போகாது என்று நம்பிச் சாப்பாட்டைக் காரில் வைப்பவர்கள், பற்பசையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கூடாரத்தில் தூங்குபவர்கள், மரக்கிளையில் பையைக் கட்டித் தொங்கவிட்டு நிம்மதியாகப் படுப்பவர்கள் என்று எல்லோருமே கரடியின் மூக்கைக் குறைத்து எடைபோட்டவர்கள். கயிற்றைக் கடித்தால் பை விழும் என்பதைக் கரடிகள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. 1998இல் மட்டும் அங்கே 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின.

சரி, முடிக்கு வருவோம். இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் தொடங்குவது கரடியிடம் அல்ல, ஒரு இலைக்குள்.

காற்றில் உள்ள கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 99 கார்பன்-12. மீதி ஒன்று சற்றே கனமான கார்பன்-13. ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, லேசான கார்பனையே விரைவாகப் பிடிக்கிறது. கனமானது சற்றே கூடுதலாகத் திரும்பக் காற்றுக்கே போய்விடும். அதனால் ஓக், பழச்செடிகள், யோசெமிட்டியின் பெரும்பாலான காட்டுத் தாவரங்கள் எல்லாவற்றிலும் கார்பன்-13 காற்றில் இருப்பதைவிட ஆயிரத்துக்குச் சுமார் 20 பங்கு குறைந்திருக்கும்.

மக்காச்சோளமும் கரும்பும் வேறு வழியில் போகின்றன. அவற்றின் இலையில் முதலில் கார்பனைப் பிடிப்பது வேறொரு நொதி. அது லேசானது, கனமானது என்று பெரிதாகப் பார்ப்பதில்லை. பிடித்ததை இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் கொண்டுபோய் விடுகிறது. ரூபிஸ்கோ அங்கேதான் இருக்கிறது. அந்தச் செல்கள் வாய் கட்டிய பானை மாதிரி. உள்ளே வந்த கார்பன் எளிதில் வெளியேறாது. தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட ரூபிஸ்கோவுக்கு அங்கே வழியில்லை. கடைசியில் எல்லாவற்றையும்தான் எடுத்தாக வேண்டும். அதனால் மக்காச்சோளத்தில் கார்பன்-13 காற்றைவிட ஆயிரத்துக்கு நான்கைந்து பங்குதான் குறைவு. இரண்டுக்கும் இடையே ஆயிரத்தில் பதினைந்து என்பது அற்பமாகத் தெரியலாம். ஆய்வகக் கருவிக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது அமெரிக்கர்களின் உணவை நினைத்துப் பாருங்கள். குளிர்பானத்தில் மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு, மாட்டுக்கும் கோழிக்கும் மக்காச்சோளத் தீவனம், சிப்ஸிலும் அதே. காட்டுக் கரடி அந்தத் தின்பண்டத்தைத் தின்றால் அந்தக் கார்பன் அதன் உடம்பில் சேருகிறது, அங்கிருந்து முடிக்கும் போகிறது. நைட்ரஜனும் சாட்சி சொல்லும். இறைச்சி அதிகம் தின்றால் கனமான நைட்ரஜன்-15 கூடும்.

முடி என்பது கெரட்டின் என்ற உயிரற்ற புரதம். ஒருமுறை உருவானபின் அதன் கார்பன் மாறாது. கோடையில் பழைய ரோமம் உதிர்ந்து புதியது முளைக்கிறது. இலையுதிர் காலம் வரை வளர்கிறது. அதனால் நுனியில் கோடைச் சாப்பாடு, வேருக்கு அருகே இலையுதிர் காலச் சாப்பாடு. கரடி வரும் பாதையில் முள்கம்பி கட்டினால், உரசிப் போகும்போது ஒரு கொத்து சிக்கிக்கொள்ளும். வேரில் உள்ள டிஎன்ஏ எந்தக் கரடி என்று சொல்லும், தண்டு என்ன தின்றது என்று சொல்லும். முடியை எரித்து, வரும் வாயுவை மின்னேற்றிக் காந்தப்புலத்தில் செலுத்தினால், கனமானது குறைவாக வளையும், லேசானது அதிகம் வளையும். அப்படிப் பிரித்து எண்ணிவிடலாம்.

இதே முறையில் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய கரடிகளின் முடியையும் எலும்பையும் சோதித்தார்கள். அதில் ஒரு சிக்கல். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து எரித்து, காற்றில் உள்ள கார்பன்-13இன் விகிதத்தையே நாம் குறைத்துவிட்டோம். நூறு வருட முடியை இன்றைய முடியோடு ஒப்பிட, முதலில் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட வேண்டும்.

2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, மனித உணவுக்குப் பழகிய கரடிகளின் உணவில் நம் பங்கு 1915–19இல் 13 சதவீதம். சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை பார்க்கக் கரடிகளுக்குக் குப்பை கொட்டிய காலமும் இடையில் வந்துபோனது. 1975–85இல் 35 சதவீதம். பிறகு 2001–07இல் மறுபடி 13. இடையில் நடந்தது என்னவென்றால், 1999 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் ஒதுக்கியது. கரடியால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகள், இரவு ரோந்து, முகாமிடுகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஆட்கள் என்று அந்தப் பணம் போனது.

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "உடனடிப் பயன் என்ன?" என்று கேட்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். நூறு வருடத்துக்கு முன் ஒரு கரடித் தோலைப் பதப்படுத்தி இழுப்பறையில் வைத்தவருக்கு ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் இந்த லேசான, கனமான வகைகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. இழுப்பறைகளைப் பராமரிக்கச் சம்பளம் கொடுத்துக்கொண்டே வந்ததால்தான் இன்று கரடித் திட்டத்துக்குக் கணக்குக் காட்ட முடிகிறது.

அந்த 13 சதவீதத்தைப் பூஜ்யமாக்குவது சுலபமில்லை. முகாமில் திருடிப் பழகிய தாயோடு வளரும் குட்டிகள் அவளைப் பார்த்தே கற்றுக்கொள்கின்றன. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். பயம் விட்டுப்போய்க் கூடாரங்களுக்குள் நுழையத் தொடங்கிய கரடியைக் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள்.