ஸ்வயம் பாடம்: சேர்வது இலவசம், கிரெடிட் வாங்குவதுதான் பாடு

போன வருடம் ஒரு பி.எஸ்சி. மாணவி என்னைத் தேடி வந்தாள். கையில், இணையத்தில் படித்துத் தேர்வெழுதி வாங்கிய என்பிடெல் சான்றிதழ். 68 மதிப்பெண், நல்ல மதிப்பெண்ணுக்குத் தரும் 'எலைட்' என்ற தகுதியும் அச்சாகியிருந்தது. அவள் வீட்டில் ஒரே ஒரு போன்தான். அப்பா வேலை முடிந்து வந்து, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அது அவள் கைக்கு வரும். பன்னிரண்டு வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து வீடியோ பார்த்து வாங்கிய மதிப்பெண் அது. கல்லூரியில் என்ன சொன்னார்கள்? "இந்தப் பாடத்துக்கு நீ முன்கூட்டியே அனுமதி வாங்கலையேம்மா. மார்க் ஷீட்ல ஏத்த முடியாது." அதற்கு ஈடான கல்லூரிப் பேப்பரை அவள் தனியாகத் திரும்பவும் எழுதினாள். அனுமதி வாங்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையிலும் எழுதி ஒட்டவில்லை.

இதே கதையோடு வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். ஸ்வயம் என்பது ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளம், 2017-இல் தொடங்கியது. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் பாடங்களும் அதில்தான் வருகின்றன. பாடத்தைப் பார்க்கக் காசு கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு செமஸ்டரின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படி இணையத்தில் படித்துக் கணக்கில் சேர்க்கலாம். அதற்கு முன்பு 20 சதவீதம்தான் இருந்தது. இந்த 40 'வரை' தான், கட்டாயம் 40 அல்ல. எந்தெந்தப் பாடங்களை ஏற்பது என்று முடிவுசெய்வது உங்கள் பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரியென்றால் அதன் கல்விக்குழு.

சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். துறைத் தலைவரிடம் (ஹெச்ஓடி) போனால் "யுனிவர்சிட்டியைக் கேளு" என்பார். பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டால் "உன் காலேஜ் மூலமா அனுப்பு" என்பார்கள். நடுவில் தேர்வுப் பிரிவு, "எங்களுக்கு லிஸ்ட் வரல" என்று கையை விரிக்கும். இந்த அலைச்சல் பாடம் முடிந்த பிறகு நடந்தால் நீங்கள் தோற்றீர்கள். ஆகவே பாடம் தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பாடத்தின் பெயர், நடத்தும் நிறுவனம், எத்தனை வாரம், எத்தனை கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி), உங்கள் பாடத்திட்டத்தில் எந்தப் பேப்பருக்குப் பதிலாக என்று ஒரே பக்கத்தில் எழுதி ஹெச்ஓடி கையெழுத்தும் முதல்வர் அலுவலக முத்திரையும் வாங்கி, நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். "பார்த்துக்கலாம், முதல்ல படி" என்று யார் சொன்னாலும், எவ்வளவு நல்லவர் சொன்னாலும், கையெழுத்து இல்லாமல் நகராதீர்கள். அடுத்த செமஸ்டரில் அவர் மாறுதலாகிப் போயிருப்பார்.

அந்தத் தாளில் கிரெடிட் எண்ணிக்கையை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என்பிடெலில் 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. உங்கள் பேப்பர் 3 கிரெடிட் என்றால் 8 வாரப் பாடத்தை எடுத்துப் பயனில்லை. சீக்கிரம் முடியும் என்று சின்னப் பாடத்தை எடுத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். ஏற்கெனவே படித்து முடித்த பேப்பரோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் பாடத்தை எடுத்தாலும் தள்ளிவிடலாம்.

அடுத்த பள்ளம் இன்னும் ஆழமானது. பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. 'என்ரோல்' பொத்தானை அழுத்திவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்து, எல்லா அசைன்மென்டும் எழுதிவிட்டு, ஹால் டிக்கெட் எப்போது வரும் என்று என்னிடம் கேட்ட பையன்கள் உண்டு. அதற்குள் தேர்வுப் பதிவு மூடியிருக்கும். தேர்வுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம். என்பிடெலில் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கும் பாதிக் கட்டணம். அதற்கான சாதிச் சான்றிதழையோ ஊனச் சான்றிதழையோ தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், போனில் சாய்வாக எடுத்த படம் போதாது. கட்டிய பணம் திரும்பாது. கடைசி நாள் வரை இழுத்தால் பக்கத்து ஊர் மையம் நிரம்பி, பஸ் ஏறிப் போக வேண்டிய ஊர் கிடைக்கும். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்துக்கு நேரில்தான் போக வேண்டும். ஹால் டிக்கெட் அச்சுப் பிரதியும் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

ஸ்வயத்தில் உள்ள எல்லாமே என்பிடெல் அல்ல என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மற்ற நிறுவனங்களின் பாடங்களில் பலவற்றுக்குத் தேசியத் தேர்வு முகமைதான் தேர்வு நடத்துகிறது. அதற்குத் தளமும் தேதியும் வேறு. தோழி பதிந்த லிங்க்கில் நீங்களும் பதிந்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

மதிப்பெண் கணக்கைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். என்பிடெலில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் உங்களுடைய சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரியை எடுப்பார்கள். அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். அசைன்மென்டில் 20 வாங்கி, தேர்வில் 28 வாங்கினால் கூட்டுத்தொகை 48. ஆனாலும் சான்றிதழ் கிடையாது. வீடியோ பார்க்காமல் வாட்ஸ்அப் குழுவில் வரும் விடைகளைத் தட்டிவிடுகிற பிள்ளைகள் மாட்டுவது இதில்தான். ஒவ்வொரு அசைன்மென்டுக்கும் கெடு உண்டு. அது தாண்டினால் கெஞ்சினாலும் திறக்காது.

நம் ஊர்ப் பிள்ளைகளைத் தனியாக வதைப்பது இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, கல்லூரிப் பதிவேட்டில் பின்னால் இனிஷியல். தேர்வுப் படிவத்தில் எப்படி எழுதுகிறீர்களோ அப்படித்தான் சான்றிதழில் வரும். கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நீங்கள் வாங்கும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் இணையக் கணக்கான கிரெடிட் வங்கிக்கு உரிய 12 இலக்க எண் டிஜிலாக்கர் வழியாக ஆதார்ப் பெயரில் உருவாகிறது. ஆகவே ஆதாரைத் திருத்த வேண்டியிருந்தால் முதலாம் ஆண்டிலேயே திருத்திவிடுங்கள், கடைசிச் செமஸ்டரில் இ-சேவை மையத்து வரிசையில் நிற்காதீர்கள்.

பிரவுசிங் சென்டரில் பதிபவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிந்துகொடுப்பார், அவசரத்தில் நீங்களும் சரி என்பீர்கள். பிறகு அறிவிப்பு, ஹால் டிக்கெட், சான்றிதழ் எல்லாம் அந்த முகவரியோடு கட்டிப்போட்ட மாதிரிதான். சொந்த மின்னஞ்சலில் பதியுங்கள். படிவத்தில் கல்லூரிப் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பதிவெண்ணையும் சரியாகக் கொடுங்கள்.

கல்லூரிக்கும் கடமை உண்டு. இணையப் பாடம் படிக்கும் மாணவர்களுக்குக் கணினி, ஆய்வகம், நூலக வசதியைக் கட்டணமின்றித் தர வேண்டும், வழிகாட்ட ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்த வேண்டும் என்று யுஜிசி விதியிலேயே இருக்கிறது. வீட்டில் நெட் இல்லாத பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் லேப் சாவி யாரிடமோ இருக்கிறது என்ற பதிலை ஏற்காதீர்கள்.

அனுமதி வாங்கியும் மார்க் ஷீட்டில் ஏற்றவில்லை என்றால், கவுன்டர் கவுன்டராக நிற்க வேண்டாம். கையெழுத்தான கடித நகலையும் சான்றிதழையும் இணைத்துக் கல்லூரியின் மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். யுஜிசியின் 2023 விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் 15 நாள்தான் கெடு. யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதிந்து, அது தரும் எண்ணை மனுவின் நகலிலேயே எழுதி வையுங்கள்.

ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே அந்த ஒரு பக்கக் கடிதத்தோடு ஹெச்ஓடி அறைக்குப் போங்கள்.