லாக்யூன்: மூளையில் விழும் நுண்குழி

வயதானவர்களின் மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'லாக்யூன்' அல்லது 'லாக்யூனார் இன்ஃபார்க்ட்' என்ற சொல் அடிக்கடி வரும். ('இன்ஃபார்க்ட்' என்றால் ரத்தம் கிடைக்காமல் மடிந்த திசு.) 'எல்லாம் வயசுக் கோளாறு' என்று சொல்லி அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறோம். அப்படி மடித்து வைக்கக் கூடாத சொல் இது.

லத்தீனில் 'லாகுஸ்' என்றால் ஏரி. அதிலிருந்து பிறந்த 'லாகூனா' சிறு குட்டையை, பள்ளத்தைக் குறிக்கும். (காயலைக் குறிக்கும் 'லகூன்' என்ற சொல்லுக்கும் இதுவே வேர். மட்டக்களப்பில் உள்ள 'களப்பு' அந்தக் காயல்தான்.) பிரெஞ்சில் அது 'லாக்யூன்' ஆனது. பிரெஞ்சு மருத்துவர் அமெதே தெஷாம்பர் 1838இல் மூளையில் கண்ட சிறு குழிகளை இப்படி அழைத்தார். 1901இல் பியேர் மாரி, இக்குழிகள் உள்ள முதியவர்களின் லேசான பக்கவாதத்தையும், குட்டிக் குட்டியாக அடி வைக்கும் நடையையும் விவரித்தார். அப்புறம் 1960களில் பாஸ்டனின் மில்லர் ஃபிஷர், மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்து, குழிக்குப் போகும் நுண்தமனி அடைபட்டிருப்பதைக் காட்டினார்.

அந்தத் தமனிகள் மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்டவை. பெரிய தமனியிலிருந்து பிரிந்து நேரே மூளையின் ஆழத்துக்கு இறங்குகின்றன. பல ஆண்டு ரத்த அழுத்தத்தில் அவற்றின் சுவர் தடித்து உள்வழி சுருங்குகிறது. ஒன்று அடைபட்டால் பக்கத்துத் தமனி கைகொடுப்பது அரிது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காயும். மூளையின் ஆழத்தில் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளுக்கும் அதே நிலைமை. மடிந்த திசு கரைந்த இடத்தில் நீர் நிறைந்த குழி மிஞ்சுகிறது. 3 முதல் 15 மி.மீ. வரை உள்ளதையே லாக்யூன் என்கிறார்கள்.

பெரும்பாலான குழிகள் விழும்போது யாருக்கும் தெரிவதில்லை. பல சேர்ந்த பிறகுதான் யோசிப்பது மந்தமாகிறது, வேலையைத் திட்டமிட வரவில்லை, நடை தளர்கிறது, சிறுநீரை அடக்க முடியவில்லை, எதிலும் ஆர்வமில்லை. அல்சைமரில் போல மறதி முன்னால் வந்து நிற்காததால், வீட்டார் இதை நோயென்றே எண்ணுவதில்லை. 'அப்பா சோம்பேறியாகிட்டார்' என்று கடிந்துகொள்ளும் வீடுகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஓட்டை' என்றால் நோயாளி மிரண்டுவிடுவார். 'புரை' பொருத்தமான பழஞ்சொல்தான், ஆனால் கண்புரையோடு குழம்பும். 'நுண்குழி' என்பதே என் தேர்வு. அதற்குக் காரணமான நோயை 'மூளைச் சிறுநாள நோய்' எனலாம். நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு. ரத்தக் குழாய்க்கு நன்றாகவே பொருந்துகிறது. 'தந்துகி நோய்' என்று எழுதுவது சரியல்ல. தந்துகி மிக நுண்ணிய குழாய்களை மட்டுமே குறிக்கும். இங்கே முக்கியமாகக் கெடுவது அதற்கு முந்தைய சிறுதமனிகள்.

விழுந்த குழியைத் தூர்க்க முடியாது. புதிய குழி விழும் வாய்ப்பைக் குறைக்கலாம். அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 9,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'ஸ்பிரிண்ட்' ஆய்வில், ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை (சிஸ்டாலிக்) 140க்குப் பதிலாக 120க்குக் கீழே வைக்க முயன்ற குழுவில் லேசான அறிவுத்திறன் குறைவு குறைவாகவே வந்தது. வெண்பொருள் சேதமும் மெதுவாகவே கூடியது. முழு மறதி நோயில் (டிமென்ஷியா) மட்டும் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. தலைசுற்றி விழக்கூடிய முதியவருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். அறிக்கையில் 'லாக்யூன்' இருந்தால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியதும் அந்த அளவைத்தான்.