இரைச்சல் சேர்க்காத ஒளிக் கட்டுப்பாடு

ஒளியைக் கட்டுப்படுத்தும் கருவி 'நாய்ஸ்' எதையும் கூட்டாமலிருப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'இரைச்சல்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். பட்டினப்பாக்கம் கரையில் நின்று ஊருக்குப் போன் பேசியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். "ஒரே இரைச்சலா இருக்குப்பா, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசு" என்பார் அம்மா. அவர் தன் போனில் சத்தத்தைக் கூட்டினால் பேச்சோடு அலையும் சேர்ந்தே கூடும்.

ஆங்கில 'நாய்ஸ்', கடற்பயணக் குமட்டலைச் சொல்லும் 'நாசியா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியே வந்ததென்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. நம் சொல்லும் கடலை விட்டு விலகவில்லை. 'இரை' என்னும் வினை கடலும் மழையும் ஓயாமல் ஒலிப்பதைக் குறிக்கும். மூச்சு இரைக்கிறது என்கிறோமே, அதுவும் இதுதான்.

இயற்பியலில் இரைச்சல் காதில் விழுவதல்ல. சிக்னலோடு கலந்து, அதன் அளவை ஒழுங்கில்லாமல் அசைக்கும் எதுவும் இரைச்சல். அதனால் 'சத்தமில்லாத ஒளி' என்று எழுதுவது பிழை. 'இரைச்சலற்ற ஒளி' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. தகரக் கூரையில் விழும் மழைத்துளிகளைப் போல லேசரின் ஒளித்துகள்களும் முன்பின்னாகத்தான் வந்து விழும். அது ஒளியின் பிறவிக் குணம். கருவி தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்பதே நம் தேவை.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020-இல் திறக்கப்பட்ட கடலடிக் கேபிள் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். நல்ல கண்ணாடி இழையிலும் 50 கிலோமீட்டரில் ஒளி பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், நீண்ட கேபிள்களில் ஒளியை மீண்டும் கூட்ட வழிநெடுகப் பெருக்கிகள் உண்டு. பெருக்கியில் தூண்டப்பட்ட எர்பியம் என்ற உலோகத்தின் அணுக்கள் சிக்னலைப் பெருக்குவதோடு, தாமாகவும் ஒளித்துகள்களை உமிழும். சாதாரணத் தகவலுக்கு அது பெரிய தொல்லையல்ல. குவாண்டம் தகவல்தொடர்பிலோ செய்தியே ஒற்றைத் துகளில் இருக்கலாம். அந்நியத் துகள் ஒன்று கலந்தாலும் எது செய்தி என்று பிரித்தறிய வழியில்லை. பிசகில்லாத பெருக்கி செய்து தப்பிக்கவும் முடியாது, பெருக்குவதும் ஒருவகை நகலெடுப்புதான். முன்பின் அறியாத குவாண்டம் நிலையைப் பிசகின்றி நகலெடுக்கவே முடியாதென்று இயற்பியலாளர்கள் வூட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியே டீக்ஸும் 1982-இல் நிறுவினார்கள்.

ஆனால் ஒளியைப் பெருக்காமலே கட்டுப்படுத்தலாம். லித்தியம் நையோபேட் படிகத்துக்கு வோல்டேஜ் கொடுத்தால் அதன் ஒளிவிலகல் எண் மாறும். ஊடே போகும் ஒளியின் கட்டமும், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும், மாறும். வழியில் கொஞ்சம் ஒளி தொலையலாம், ஆனால் புதுத் துகள் பிறக்காது.

இந்திய அரசின் தேசிய குவாண்டம் திட்டத்தின் தகவல்தொடர்பு மையம் சென்னை ஐஐடியில் அமைந்திருக்கிறது. இங்கே இதைத் தமிழில் எழுதப்போகிறவர்கள் 'இரைச்சல் சேராத' என்பதைவிட 'இரைச்சல் சேர்க்காத' என்றே எழுத வேண்டும். 'சேராத' என்றால் அது தானாக நடந்ததாகிவிடும். 'சேர்க்காத' என்றால் பொறுப்பு கருவியின் மேல் நிற்கும்.