டூர்னிக்கே: தமிழ்ல இதுக்கு என்ன பேரு?

கணுக்கால் முறிஞ்சு பிளேட் வைக்கப் போறவங்ககிட்ட டாக்டர் "தொடையில டூர்னிக்கே போடுவோம்"னு சொல்வாரு, பக்கத்துல நிக்கிற தமிழ் நர்ஸ் அவசரத்துல "கட்டு போடுவாங்க பாட்டி"ன்னு சொல்லிட்டா, பாட்டி மாவுக்கட்டுன்னு தான் நினைச்சுக்குவாங்க. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, டூர்னிக்கேங்கிறது கீழ ரத்தம் போகாம இருக்க கை காலைச் சுத்தி இறுக்குற பட்டை.

இது பிரெஞ்சு சொல். டூர்னேன்னா திருப்புறது, சுத்துறது. பாரிஸ்ல ரயில் ஸ்டேஷன் வாசல்ல சுத்தி விடுற கேட்டுக்கும் இதே பேரு தான். முன்னாடி போர்க்களத்துல துணியைக் கட்டி அதுல குச்சி சொருகித் திருகுவாங்க, 1718ல ஜான் லூயி பெட்டின்னு ஒரு சர்ஜன் குச்சிக்குப் பதிலா ஸ்க்ரூ வச்சாரு, பேரும் அவர்கிட்டேர்ந்து தான் பரவுச்சு. இப்ப திருகுறதெல்லாம் இல்ல. 1904ல ஹார்வி குஷிங் காத்தடிக்கிற பட்டையைக் கொண்டு வந்தாரு, பிபி பாக்குற பட்டை மாதிரியே தான், ஆனா பிரஷர் ரொம்ப அதிகம், தொடைக்குப் பெரும்பாலும் 250லேர்ந்து 300 மில்லிமீட்டர் மெர்குரி வரைக்கும் ஏத்துவாங்க. கீழ ரத்தம் போகாததால வெட்டுற இடம் சுத்தமா தெரியும், ரத்த இழப்பும் குறையும். ஆனா நரம்பும் தசையும் தாங்கணுமே, அதனால பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு மேல விட மாட்டாங்க, காத்தை இறக்குன பிறகு ரத்தம் கசியவும் செய்யும்.

சரி, தமிழ்ல? "ரத்தக்கட்டு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நம்ம ஊர்ல அடிபட்டு நீலமா வீங்குறதுக்கு தான் அந்தப் பேரு. "குருதித்தடுப்பான்" நல்லா தான் இருக்கு, ஆனா இங்க சிங்கப்பூர்ல தேக்கா மார்க்கெட்ல காய்கறி வாங்குற யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. என்னைக் கேட்டா "இறுக்குப்பட்டை" தான் சரி, செய்ற வேலையும் தெரியுது, பொருளும் தெரியுது (வெறும் பட்டைன்னா மளிகைக் கடைக்காரர் பிரியாணிக்கான்னு கேப்பாரு). பாலிகிளினிக்ல ரத்தம் எடுக்குறப்ப கையில கட்டுற ரப்பருக்கும், என்எஸ் (தேசிய சேவை) பசங்க பையில இருக்குறதுக்கும் இதே சொல் பொருந்தும்.

பாட்டிமார் விழுந்தா அதிகமா உடையுற இடுப்பு எலும்புக்கு இந்தப் பட்டை ஆகாது, அதுக்கு மேல கட்ட இடமே இல்ல. அங்க டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசியா குடுப்பாங்க, ஜப்பான்ல ஒக்கமோட்டோ தம்பதி கண்டுபிடிச்சது. அது ரத்தத்தை உறைய வைக்காது, உறைஞ்சது சீக்கிரம் கரையாம பாத்துக்கும். இதுக்குத் தமிழ்ப் பேரு தேடி மெனக்கெட வேணாம், "ரத்தப்போக்கைக் குறைக்கிற மருந்து"ன்னா பாட்டிக்குப் புரிஞ்சிரும்.