ஆர்க்டிக்கிலிருந்து போன் வராத நாள்: வீட்டார் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியவை

ஆர்க்டிக் பயணக் குழுக்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் நடுவில் தொடர்பாளராக இருப்பது என் வேலை. எனக்கு அதிகம் வரும் கேள்வி, "ஏன் இன்னும் போன் வரல?" என்பதுதான். அதற்கு "கவலைப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று நான் பதில் சொல்வதில்லை. அங்கே குளிர் உண்டு, பனி பிளந்து திறக்கும் நீர் உண்டு, துருவக் கரடி உண்டு. ஒன்றும் ஆகாது என்று சொல்ல நான் யார்? கேட்பவருக்கும் அது தெரியும் என்பதால் அந்தச் சமாதானம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. செய்தி வராவிட்டால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம், எத்தனை மணி நேரம் கழித்து யார் என்ன செய்வார்கள் என்பதைப் புறப்படும் முன்பே பேசி எழுதி வைத்திருக்கும் வீடுகள்தான் ஓரளவு நிம்மதியாக இருக்கின்றன.

சாட்டிலைட் போன் இருக்கிறதே, நினைத்தபோது பேசலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்கள் வட துருவத்தை ஒட்டிய பகுதிக்கு அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அதனால்தான் குழுக்கள் பெரும்பாலும் இரிடியம் போனை நம்பிப் போகின்றன. அதன் 66 செயற்கைக்கோள்கள் சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களைத் தொட்டுச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தலைக்கு மேல் சில நிமிடங்கள்தான் இருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது பேச்சு அறுந்துபோகலாம். "கால்ல மட்டும் கொஞ்சம்..." என்று சொல்லும்போதே லைன் போய்விட்டால் அன்று இரவு வீட்டில் யார் தூங்குவார்கள்? ஆகவே குழுவினருக்கு ஒரு வரிசை சொல்லி அனுப்புவேன். முதல் வாக்கியம் உடல்நிலை. இரண்டாவது, அடுத்து எப்போது பேசுவோம் என்பது. கதையெல்லாம் அப்புறம். வீட்டாரும் போனை ஆள் மாற்றி ஆள் பிடுங்காமல், ஒருவர் பேசி முடித்த பிறகு ஒரு நொடி விட்டுப் பேசினால் பாதிப் பேச்சு வீணாகாது.

பேட்டரி இன்னொரு தொல்லை. மைனஸ் 30 டிகிரியில் லித்தியம் பேட்டரி பாதி சார்ஜ் காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும். போனைப் பகலில் சட்டைக்குள் உடம்போடு ஒட்டியும், இரவில் தூக்கப் பைக்குள்ளும் வைத்துக்கொள்கிறார்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி கெட்டுப்போகும் என்பதால் அதையும் முதலில் சூடாக்க வேண்டும். மூன்று நிமிடப் பேச்சுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது. 'தினமும் கூப்பிடுவேன்' என்று யாராவது வீட்டில் வாக்குக் கொடுத்தால், தயவுசெய்து அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பவர்களின் கதை வேறு. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இருக்கும் நி-ஓலெசுண்ட், பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் சேர்ந்திருக்கும் ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. நுண்ணிய அளவீட்டுக் கருவிகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால் அங்கே போனில் வைஃபையும் புளூடூத்தும் அணைத்துத்தான் வைக்க வேண்டும். கம்பி வழி இணையம் உண்டு. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு வரவில்லை என்றால் மனிதர் வெளியே வேலையில் இருக்கிறார், அவ்வளவுதான்.

இப்போது, குழு இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர். வரைபடத்தில் நகரும் அந்தப் புள்ளி கொடுக்கும் நிம்மதியைவிடக் கலவரம்தான் அதிகம் என்பது என் கருத்து. கடற்பனி மேல் நடக்கும் ஒருவரின் புள்ளி இரவில் தெற்கே, வந்த வழியிலேயே பின்னோக்கிப் போகும். "வழி தவறிட்டாரா, திரும்பி வர்றாரா?" என்று விடியும் முன்பே எனக்குப் போன் வரும். அவர் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். அடியில் இருக்கும் பனித்தட்டுதான் காற்றாலும் நீரோட்டத்தாலும் நகர்கிறது. நார்வே ஆய்வாளர் நான்சென் இந்த நகர்வை நம்பித்தான் 1893இல் ஃபிராம் கப்பலைப் பனியில் வேண்டுமென்றே சிக்கவைத்தார்; கப்பல் 1896 வரை பனியோடு மிதந்தது. பகலில் பத்துக் கிலோமீட்டர் நடந்தவர், காலையில் கண் விழிக்கும்போது அதில் கொஞ்சத்தை இழந்திருப்பது அங்கே சாதாரணம். புள்ளி சம்பந்தமில்லாமல் பக்கவாட்டில் போனால், எதிரே பனி பிளந்து நீர் திறந்திருக்கும், அதைச் சுற்றிப் போகிறார்கள். ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் புயல், கூடாரத்துக்குள் இருக்கிறார்கள். போன் வரவில்லை, ஆனால் புள்ளி முன்னேறுகிறது என்றால் போனில்தான் கோளாறு. போனும் இல்லை, புள்ளியும் இல்லை, வானிலையும் நன்றாக இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். அதற்கும் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அப்புறம் யாரைக் கூப்பிடுவது என்பது எழுதி வைத்த தாளில் இருக்கும்.

அந்தத் தாளில் கடிகாரத்தையும் எழுத வேண்டும். துருவத்தில் எல்லா நேர மண்டலங்களும் ஒரு புள்ளியில் வந்து சேர்கின்றன. 'இரவு எட்டு மணி' என்பதற்கு அங்கே அர்த்தமே இல்லை. உலகப் பொது நேரத்தையும், பக்கத்தில் உங்கள் வீட்டு நேரத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

வந்த செய்திக்கும் வயது உண்டு. 1897 ஜூலை 11 அன்று ஆந்த்ரே, ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃப்ரென்கெல் என்ற மூன்று ஸ்வீடன்காரர்கள் ஸ்வால்பார்டிலிருந்து பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார்கள். 13ஆம் தேதி புறா மூலம் அவர்கள் அனுப்பிய சீட்டில் எல்லோரும் நலம் என்று இருந்தது. அது பொய்யில்லை. ஆனால் 14ஆம் தேதி பலூன் பனியில் இறங்கிவிட்டது. சீட்டு மனிதர் கைக்குக் கிடைத்தபோது அவர்கள் நிலைமையே வேறு. உடல்கள் கிடைத்தது 1930இல். இந்தக் கதையை முதல் சந்திப்பிலேயே வீட்டாரிடம் சொல்ல மாட்டேன், ஆனால் குழுத் தலைவர்களிடம் தவறாமல் சொல்வேன். நான் அனுப்பும் ஒவ்வொரு தகவலிலும் 'இன்ன நேரத்து நிலவரம் இது' என்று போட்டிருப்பேன். 'இப்போது நலமாக இருக்கிறார்' என்று எழுத மாட்டேன்.

இன்னொன்று. குழுவிடம் 406 மெகாஹெர்ட்ஸில் ஆபத்துச் சைகை அனுப்பும் கருவி இருந்தால், அதன் பதிவில் யாருடைய எண் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கருவி இயங்கினால் மீட்பு மையம் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டு விசாரிக்கும். தெரியாத வெளிநாட்டு எண் என்று துண்டித்துவிடும் காலம் இது! எத்தனை பேர், எந்த வழி, யாருக்கு என்ன மருந்து என்ற விவரம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தவறுதலாக அமுக்கிவிட்டதாலும் சைகை போவதுண்டு. உண்மையான ஆபத்து என்றால், ஹெலிகாப்டர் உடனே வந்துவிடாது. தூரமும் வானிலையும் விட்டால்தான் வரும். இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை.

பலரும் பேசத் தயங்குவது எதிர்த்திசைச் செய்தியைப் பற்றி. வீட்டில் ஒரு சாவு, ஒரு விபத்து, பெரிய வியாதி. சொல்வதா வேண்டாமா? "அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார், திரும்பி வந்ததும் சொல்லிக்கலாம்" என்று பெரியவர்கள் முடிவெடுப்பார்கள். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் போகிறவர்தான். அதனால் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்பேன்: அப்பா இறந்தால் சொல்லலாமா? உடனேவா, பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகா? உங்களிடமா, முதலில் தலைவரிடமா? சிலருக்குக் கோபம் வரும். சிலர் ஒருநாள் கழித்து எழுதிக் கொடுப்பார்கள். மெல்லிய பனியில் நடக்கும் நாளில் அந்தச் செய்தி போகக்கூடாது என்று தலைவரும் சொல்லலாம். அதையும் சேர்த்தே எழுதுவோம். எழுதிய தாள் இருந்தால், மறைத்தோமே என்ற குற்ற உணர்வும், மறைத்துவிட்டீர்களே என்ற சண்டையும் பின்னால் வராது. தினசரிச் சில்லறைப் பிரச்சினைகளைப் போனில் கொட்டலாமா என்று கேட்பார்கள். அவரால் அங்கிருந்து தீர்க்க முடிந்ததைச் சொல்லுங்கள், முடியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாகத் திரும்பும் தேதி. 2019 செப்டம்பரில் கிளம்பிய மொசைக் என்ற ஆர்க்டிக் ஆய்வுப் பயணத்தில், போலார்ஸ்டெர்ன் கப்பல் ஒரு பனித்தட்டோடு சேர்ந்து மாதக்கணக்கில் மிதந்தது. 2020 ஏப்ரலில் ஊர் திரும்பியிருக்க வேண்டிய குழு, கொரோனாவால் பயணங்கள் முடங்கியதால் ஜூனில்தான் மாற முடிந்தது. அதற்காகக் கப்பலே பனியை விட்டு ஸ்வால்பார்டு வரை வரவேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய பயணத்துக்கே அந்த நிலை. சிறு குழுக்களுக்கு இரண்டு நாள் மூடுபனி போதும், விமானம் இறங்காது. எனவே தேதி கேட்டால் நான் ஒரு வாரத்தைத்தான் சொல்வேன். வீட்டு விசேஷத்தை அந்த வாரத்தில் வைக்காதீர்கள். விமான நிலையத்துக்கு வண்டி பேசுவதை, அவர் ஸ்வால்பார்டின் விமான நிலையம் இருக்கும் லாங்யர்பியென் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டதாக அவர் குரலிலேயே கேட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.